சுற்றறிக்கையா, சுற்றுமடலா?: திருத்தந்தையர் மடல்களில் விளியும் அதிகாரமும்

முன்னுரை

ஓர் எழுத்தைப் பொருள்கொள்வதற்கு முன் அது எவ்வகை எழுத்து என்பதை அறிதல் வேண்டும். முறையீட்டை ஆணையாகவும், ஆணையை அறிவுரையாகவும் கொள்வோர் சொற்களை அறிந்தும் பொருளை இழப்பர். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராகிய திருத்தந்தை வெளியிடும் சுற்றுமடல்களுக்கு இந்நிலை அடிக்கடி நேர்கிறது. அவற்றைத் தவறா வரம் பெற்ற தீர்ப்புகள் என மயங்குவோர் ஒருபுறம். ஒரு முதியவரின் சொந்தக் கருத்து என ஒதுக்குவோர் மறுபுறம். இரு தரப்பினரும் மடலை மடலாகப் படிப்பதில்லை.

மடல் என்பது ஒருவர் மற்றொருவருக்கு எழுதுவது. ஆகவே அதன் இயல்பை உணர, 'யார் எழுதினார்' என்பதோடு 'யாருக்கு எழுதினார்' என்பதையும் வினவுதல் வேண்டும். சுற்றுமடல்களின் விளி கடந்த இருநூற்றெண்பது ஆண்டுகளில் ஆயர்களிலிருந்து மாந்தர் அனைவர்க்குமாக விரிந்துள்ளது. விளி விரிய விரிய, ஆணையிடும் குரல் நம்பச்செய்யும் குரலாக மாறவேண்டிய தேவை எழுகின்றது. அம்மாற்றம் முழுமை பெறாத இடத்தில் நெருக்கடி பிறக்கின்றது. இக்கருத்தைத் தேர்ந்தெடுத்த சில மடல்களைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் வடிவும்

தமிழில் இவ்வகை எழுத்தைச் 'சுற்றுமடல்' என்றும் 'சுற்றறிக்கை' என்றும் இருவிதமாகக் குறிக்கும் வழக்கு உண்டு. இரண்டிலும் உள்ள 'சுற்று' கிரேக்க மூலச்சொல்லின் பொருளைச் சரியாகவே தருகிறது. வட்டமாகப் பலரிடம் செல்வது என்பதே அதன் கருத்து. வேறுபாடு பின்னொட்டில் உள்ளது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் 'சுற்றறிக்கை' என்பது மேலிடத்திலிருந்து வரும் ஆணை. அதைப் படித்துக் கையொப்பமிட்டு நடைமுறைப்படுத்துவதே பெறுவோரின் கடமை. அச்சொல்லைக் கையாளும்போதே கட்டளைத் தொனியும் உடன்வந்து விடுகின்றது. 'மடல்' என்னும் சொல்லோ எழுதுவோரையும் பெறுவோரையும் ஒருங்கே நினைவூட்டுகிறது. ஆதலின் நாம் இங்குச் 'சுற்றுமடல்' என்னும் சொல்லையே ஆள்கிறோம்.

சுற்றுமடல் உரோமைக்கு மட்டும் உரியதன்று. தொடக்கக் காலத் திருச்சபையில் ஓர் ஊரின் சபையோ ஆயரோ பிற சபைகளுக்கு எழுதிய பொதுக் கடிதங்கள் இப்பெயர் பெற்றன. பிற்காலத்தில் திருத்தந்தையருக்குரிய தனி ஆவண வகையாக இது நிலைபெற்றமைக்குப் பதினான்காம் பெனடிக்ட் 1740 திசம்பர் 3 அன்று ஆயர்களின் கடமைகள் குறித்து எழுதிய 'உபி ப்ரீமும்' என்னும் மடலே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

இம்மடல்கள் பொதுவாக முதற்சொற்களாலேயே பெயர் பெறுகின்றன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகிய நூற்பெயர்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இம்முறை புதிதன்று. எனினும் முதற்சொல் எப்போதும் உட்பொருளைக் காட்டுவதில்லை. 'ரேரும் நோவாரும்' என்பது சொல்லுக்குச் சொல் 'புதியவற்றின்' எனப் பொருள்படும். இலத்தீன் வழக்கில் அது அரசியல் புரட்சியைச் சுட்டும். அத்தலைப்பை நவீனத்திற்கு அளித்த வரவேற்பாகக் கொள்வது பிழை. புரட்சி வேட்கை பற்றிய கவலையோடுதான் அம்மடல் தொடங்குகிறது.

2. அதிகாரத்தின் அளவு

பதினான்காம் பெனடிக்ட் காலத்து மற்றோர் ஆவணத்தோடு ஒப்பிட்டால் சுற்றுமடலின் இயல்பு தெளிவாகும். தமிழகத்து மறைப்பணியில் ஏற்கப்பட்டிருந்த உள்நாட்டுச் சடங்குகள், வழக்கங்கள் பற்றிய நீண்ட பூசலுக்கு முடிவுகட்ட அவர் 1744 செப்டம்பர் 12 அன்று 'ஓம்னியும் சொல்லிச்சித்தூதினும்' என்னும் ஆணையேட்டை வெளியிட்டார். 1704-இல் புதுச்சேரியில் தூர்னோன் பிறப்பித்த ஆணையின் தொடர்ச்சியில் அமைந்த அவ்வேடு, எவை ஏற்புடையன, எவை விலக்கத்தக்கன என வரையறுத்தது. அதற்குக் கட்டுப்படுவதாக மறைப்பணியாளர்கள் உறுதிமொழி அளிக்கவேண்டியிருந்தது. வீரமாமுனிவரின் இறுதிக் காலம் இவ்வாணையின் நிழலிலேயே கழிந்தது. ஆணையேடு சட்டம் செய்யும். சுற்றுமடல் முதன்மையாகக் கற்பிக்கும். ஒரே கை இரண்டையும் எழுதியபோதும் அவற்றின் தொழில் வேறு.

தவறா வரம் பற்றிய மயக்கமும் இங்கே நீங்குதல் வேண்டும். 1870-இல் முதலாம் வத்திக்கான் திருச்சங்கம் வரையறுத்தபடி, நம்பிக்கை அல்லது ஒழுக்கம் சார்ந்த ஒரு கோட்பாட்டைத் திருச்சபை முழுமையும் ஏற்குமாறு திருத்தந்தை முழு அதிகாரத்துடன் அறுதியிடும்போதே அவ்வரம் செயல்படும். மரியாவின் அமல உற்பவம் 1854-இலும், விண்ணேற்பு 1950-இலும் இவ்வாறு அறுதியிடப்பட்டன. இரண்டுமே சுற்றுமடல்கள் வழியாக அன்றி, வேறுவகை ஆவணங்கள் வழியாகவே அறிவிக்கப்பட்டன.

இதனால் சுற்றுமடல் அதிகாரமற்றது எனக் கொள்ளலாகாது. பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் எழுதிய 'ஹுமானி ஜெனெரிஸ்', சுற்றுமடல்களில் சொல்லப்படுவன இசைவைக் கோருவனவே என வலியுறுத்தியதுடன், சர்ச்சைக்குரிய ஒன்றைப் பற்றித் திருத்தந்தை கருதித் தீர்ப்புரைத்தால் அது அதன்பின் இறையியலாரிடையே தடையற்ற விவாதப் பொருளாக இராது என்றும் கூறியது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் சற்று நுட்பமான அளவுகோலைத் தந்தது. திருத்தந்தையின் போதனைக்கு உளமும் அறிவும் பணியும் சமயப்பற்று வேண்டும் என்று கூறிய சங்கம், ஆவணத்தின் தன்மை, ஒரு போதனை திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்படும் பாங்கு, சொல்லும் முறை ஆகியவற்றிலிருந்து அவரது உள்ளக்கருத்தை அறிய வேண்டும் என்றது. திறனாய்வாளர்க்கு இது முதன்மையான குறிப்பு. எழுத்தின் வகையையும் தொனியையும் கவனித்துப் படிக்குமாறு திருச்சபையே தன் வாசகர்க்கு உரைக்கின்றது.

3. விடை வேண்டிய மடல்கள்

சுற்றுமடல் மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே செல்வது என்னும் எண்ணத்தை இரு மடல்கள் மறுக்கின்றன. ஒன்பதாம் பயஸ் 1849-இல் எழுதிய மடல், அமல உற்பவத்தைப் பற்றித் தத்தம் மறைமாவட்ட மக்களும் குருக்களும் கொண்டுள்ள பக்தியையும், ஆயர்களின் சொந்தக் கருத்தையும் எழுதித் தெரிவிக்குமாறு வேண்டியது. பன்னிரண்டாம் பயஸ் 1946-இல் எழுதிய மடல், விண்ணேற்பை அறுதியிடலாமா என ஆயர்களிடம் வினவியது. விடைகள் வந்த பின்னரே 1854, 1950 ஆகிய ஆண்டுகளின் அறிவிப்புகள் நிகழ்ந்தன. திருத்தந்தையின் அதிகாரம் மிக உயர்ந்து விளங்கிய இரு தருணங்களுக்கும் முன்னால் ஒரு வினா மடல் நிற்கிறது என்பது கருதத்தக்கது.

கேளாமலே விடை வந்ததும் உண்டு. 1848-இல் ஒன்பதாம் பயஸ் கீழைத் திருச்சபையினரை உரோமையோடு ஒன்றிக்க அழைத்து எழுதினார். அதே ஆண்டில் கீழை மறைமுதுவர் நால்வர் தமது சுற்றுமடலாலேயே அதற்கு மறுப்புரைத்தனர். மடலுக்கு மடலே விடையானது. விடைக்கு இடமளிப்பது இவ்வடிவின் இயல்பிலேயே உள்ளது என்பதற்கு இவை சான்று.

4. தொழிலாளர் பற்றிய மடல்

பதின்மூன்றாம் லியோ எண்பதுக்கும் மேற்பட்ட சுற்றுமடல்களை எழுதியவர். அவற்றுள் 1893-ஆம் ஆண்டின் 'ஆத் எக்ஸ்த்ரேமாஸ்' இந்தியாவில் உள்நாட்டுக் குருக்களை உருவாக்கும் தேவையை எடுத்துரைத்தது. அதனையொட்டிக் கண்டியில் நிறுவப்பட்ட குருமடம் 1955-இல் புனேக்கு மாற்றப்படும்வரை அங்கேயே இயங்கியது. ஒரு மடல் நிறுவனமாக உருப்பெற்றமைக்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

அவரது மடல்களுள் பெரும்புகழ் பெற்றது 1891 மே 15 அன்று வெளியான 'ரேரும் நோவாரும்' ஆகும். தனிச்சொத்துரிமையைக் காத்து, பொதுவுடைமைத் தீர்வை மறுத்த அம்மடல், தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும், உழைப்பவனும் அவன் குடும்பமும் வாழப் போதுமான ஊதியத்தையும் வலியுறுத்தியது. முதலாளியும் தொழிலாளியும் உடன்பட்டு முடிவுசெய்த கூலி என்பதாலேயே அது நீதியான கூலி ஆகிவிடாது என்னும் அதன் வாதம் அக்காலப் பொருளியல் சிந்தனையை நேர்முகமாக எதிர்த்தது. இம்மடலின் விளி ஆயர்களை நோக்கியது. உழைப்பாளர் அதில் பேசப்படும் பொருளாக உள்ளனரேயன்றி முன்னிலையாக இல்லை. ஆயினும் அவர்களே அதனைத் தமதாக்கிக் கொண்டனர். கத்தோலிக்கத் தொழிற்சங்கங்கள் இதனைத் தம் அடிப்படை ஏடாகக் கொண்டன. 1931, 1981, 1991 ஆகிய ஆண்டுகளில் பின்வந்த திருத்தந்தையர் இதன் ஆண்டு நிறைவுகளையொட்டிப் புதிய மடல்களை எழுதினர். பெறுநராகக் குறிக்கப்படாதவர்கள் பெற்றுக்கொண்டமையே இதன் வெற்றி எனலாம்.

5. ஒளித்துச் சென்ற மடலும் அனுப்பப்படாத மடலும்

பதினோராம் பயஸ் 1937-இல் செர்மானிய ஆயர்களுக்கு எழுதிய 'மித் ப்ரென்னெண்டெர் சோர்கே' இரு வகையில் தனித்தது. ஒன்று, வழக்கமான இலத்தீனைத் தவிர்த்துச் செர்மானிய மொழியிலேயே எழுதப்பட்டது. மற்றொன்று, மறைவாக நாட்டினுள் கொண்டு செல்லப்பட்டு, இரகசியமாக அச்சிடப்பட்டு, 1937 மார்ச் 21 குருத்து ஞாயிறன்று ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. இனத்தையும் அரசையும் தெய்வநிலைக்கு உயர்த்துவதை அது கண்டித்தது. அச்சகங்கள் பறிமுதல் செய்யப்பட்டமையும் தொடர்ந்த கைது நடவடிக்கைகளும் அம்மடல் சென்று தைத்த இடத்தைக் காட்டுகின்றன. மொழித் தேர்வு இங்கே வெறும் வசதி அன்று. விளியின் ஒரு பகுதி. மேலுறையில் ஆயர்களின் பெயர் இருப்பினும், செவிமடுக்க வேண்டியவர்கள் கோயிலில் அமர்ந்திருந்த மக்களே என்பதை மொழியே சொல்லிவிடுகிறது.

இருப்பினும் இம்மடலின் மௌனங்களையும் நாம் குறித்தாக வேண்டும். இட்லரின் பெயர் அதில் இல்லை. இன வழிபாட்டைக் கண்டித்த மடல், யூதர்மீது அப்போது நிகழ்ந்துகொண்டிருந்த கொடுமைகளைப் பெயர் சுட்டிக் கண்டிக்கவில்லை. இக்குறையை நிரப்பியிருக்கக்கூடிய மற்றொரு மடல் எழுதப்பட்டது. இனவெறியை எதிர்க்கும் சுற்றுமடல் ஒன்றை வரையுமாறு பதினோராம் பயஸ் 1938-இல் அமெரிக்க இயேசு சபைக் குரு சான் லஃபார்ச்சிடம் கேட்டுக்கொண்டார். வரைவு முடிந்து உரோமைக்கு அனுப்பப்பட்டது. 1939 பெப்ரவரி 10-இல் திருத்தந்தை மறைந்தார். அம்மடல் ஒருபோதும் வெளிவரவில்லை. அவ்வரைவிலும் யூத சமயம் குறித்த பழைய இறையியல் சாய்வுகள் இருந்தமையால் அதனைக் குறையற்றதாகப் போற்றவும் இயலாது. ஆயினும் காலத்தில் சேர்ந்த மடலோடு, சேராத மடலையும் வைத்தே இவ்வகை எழுத்தின் வரலாற்றை மதிப்பிட வேண்டும். எழுதியவரின் தகுதி எத்துணை உயர்ந்ததாயினும், அனுப்பப்படாத மடலுக்கு அதிகாரம் ஏதுமில்லை.

6. நல்மனத்தோர் அனைவர்க்கும்

1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை அணுவாயுதப் போரின் விளிம்பிற்குக் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 11 அன்று, தம் இறப்பிற்கு இரு மாதங்களுக்கும் குறைவான காலம் இருக்கையில், இருபத்துமூன்றாம் யோவான் 'பாச்செம் இன் தெர்ரிஸ்' என்னும் மடலை வெளியிட்டார். ஆயர், குருக்கள், இறைமக்கள் என்னும் வழக்கமான வரிசையோடு, நல்மனம் கொண்ட மாந்தர் அனைவரையும் அது விளித்தது. சுற்றுமடல் வரலாற்றில் இவ்விளி புதியது. அணுகுண்டு கத்தோலிக்கரை மட்டும் தெரிந்தெடுத்து அழிப்பதில்லை. எனவே அதுபற்றிய மடலும் அவர்களோடு நின்றுவிட இயலாது.

இவ்விளி மாற்றம் எழுத்தின் உள்ளமைப்பையும் மாற்றியது. திருச்சபைக்கு வெளியே உள்ளவரிடம் 'நான் திருத்தந்தை, ஆதலால் ஏற்க' எனச் சொல்ல இயலாது. எல்லார்க்கும் பொதுவான அறிவையும் மனித மாண்பையும் முன்வைத்தே பேச வேண்டும். அம்மடல் மனித உரிமைகளையும் கடமைகளையும் முறைப்படத் தொகுத்துத் தொடங்குவதன் காரணம் இதுவே. 1964-இல் ஆறாம் பவுல் தமது முதல் மடலில், திருச்சபை உரையாட வேண்டியோரை ஒன்றனுள் ஒன்றமைந்த வட்டங்களாக வகுத்தார்: மாந்தர் அனைவர், கடவுளை நம்புவோர், பிற கிறித்தவர், கத்தோலிக்கர். 'சுற்று' என்னும் சொல்லுக்கே புதுப்பொருள் ஏற்பட்டதாகக் கருதலாம்.

7. இரு விளி, இரு அடிப்படை

இவ்விரிவின் சிக்கல் நான்கு ஆண்டுகளில் வெளிப்பட்டது. ஆறாம் பவுல் 1968 சூலை 25 தேதியிட்டு எழுதிய 'ஹுமானே வீத்தே', செயற்கைக் கருத்தடை முறைகளை ஏற்க மறுத்தது. இப்பொருளை ஆராய அமைக்கப்பட்டிருந்த குழுவின் பெரும்பான்மையினர் 1966-இல் மாற்றத்திற்கு ஆதரவாகக் கருத்துத் தெரிவித்திருந்தனர். திருத்தந்தை அதனை ஏற்கவில்லை.

இம்மடலும் நல்மனத்தோர் அனைவரையும் விளிக்கிறது. அதற்கேற்ப அதன் மைய வாதம் இயற்கை ஒழுக்க நெறியை அடிப்படையாகக் கொண்டது; அதாவது, சமய வேறுபாடின்றி எவரும் தம் அறிவால் உணரத்தக்கது என்பது அதன் கோரிக்கை. ஆனால் அதே மடலின் பிற்பகுதியில் குருக்களை நோக்கிப் பேசுமிடத்தில், திருச்சபையின் போதனைக்குரிய கீழ்ப்படிதல் எடுத்துக்காட்டிய காரணங்களைவிட ஆயர்களுக்கு அருளப்படும் தூய ஆவியின் ஒளியையே பெரிதும் சார்ந்தது எனப்படுகிறது. ஒரே மடலுக்குள் இரு விளிகள். அவ்விரண்டிற்கும் வெவ்வேறு அடிப்படைகள். உலகை நோக்கி 'சிந்தித்து ஏற்க' என்கிறது. குருக்களை நோக்கிக் 'காரணம் போதாதெனத் தோன்றினும் ஏற்க' என்கிறது. அறிவால் உணரத்தக்கது எனச் சொல்லப்பட்ட ஒன்றை, கற்ற நம்பிக்கையாளர் பலர் தம் அறிவால் உணரவில்லை எனக் கூறியபோது, முதல் அடிப்படை வலுவிழந்து இரண்டாவதே எஞ்சியது. நெருக்கடியின் வேர் போதனையின் உள்ளடக்கத்தில் மட்டுமன்றி, எழுத்தின் இவ்விரட்டைத் தன்மையிலும் உள்ளது என்பது எம் கருத்து.

மடலை வெளியிட்ட செய்தியாளர் கூட்டத்திலேயே, அது தவறா வரம் சார்ந்த அறிவிப்பன்று என அதனை அறிமுகம் செய்த பேரருள்தந்தை லம்புருசீனி விளக்கினார். எனினும் அது மெய்யான இசைவைக் கோருவது என்றும் கூறினார். செர்மானிய ஆயர்கள் ஆகசுட்டிலும் கனடா ஆயர்கள் செப்டம்பரிலும் வெளியிட்ட அறிக்கைகள், நேர்மையோடு முயன்றும் ஏற்க இயலாத தம்பதியரின் மனச்சான்றுக்கு இடமளித்தன. இதனை மடலின் சிதைவு எனக் கண்டித்தோரும் உண்டு. மடலின் மேய்ப்புப் பணி விளக்கம் எனப் போற்றினோரும் உண்டு. ஆறாம் பவுல் 1978-இல் மறையும்வரை மேலும் பத்தாண்டுகள் திருத்தந்தையாக இருந்தார். அதன்பின் அவர் ஒரு சுற்றுமடலும் எழுதவில்லை. 1971-இல் சமூகநீதி பற்றி எழுத நேர்ந்தபோதும் வேறு வகையான திருத்தூது மடலையே தேர்ந்தார்.

இங்கே மறுதரப்பின் நியாயத்தையும் கூறுதல் கடன். ஏற்கப்படாமை ஒன்றே ஒரு போதனையைப் பிழையெனக் காட்டிவிடாது. நீதியான ஊதியம் பற்றிய மடலைக் கத்தோலிக்க முதலாளிகள் பலர் விரும்பவில்லை. அதனால் அம்மடல் பொய்த்துவிடவில்லை. எனவே வரவேற்பை வாக்கெடுப்பாகக் கொள்ளுதல் கூடாது. எனினும், அறிவை நோக்கி விடுக்கப்பட்ட வாதத்திற்கு அறிவின் வழியே எழும் தடைக்கு அறிவின் வழியாகவே விடையளிக்க வேண்டும் என்னும் கோரிக்கை அப்போதும் எஞ்சி நிற்கிறது.

8. இப்புவியில் வாழும் ஒவ்வொருவர்க்கும்

திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' விளியை அதன் எல்லைக்கே கொண்டு சென்றது. 'பாச்செம் இன் தெர்ரிஸ்' மடலை நினைவுகூர்ந்து, இப்புவியில் வாழும் ஒவ்வொருவரோடும் பேச விழைவதாக அது கூறுகிறது. அதன் தலைப்பு, இலத்தீன் அன்று. அசிசி பிரான்சிசின் பழைய உம்பிரிய வட்டார மொழிப் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது.

இம்மடல் மேற்கோள் காட்டும் முறை ஆராய்தற்குரியது. முன்னைய மடல்கள் பெரும்பாலும் மறைநூல், திருச்சபைத் தந்தையர், முன்னைத் திருத்தந்தையர் ஆகியோரையே சான்றாக்கின. இதுவோ பல நாட்டு ஆயர் பேரவைகளின் அறிக்கைகளையும், கான்சுடாண்டிநோபிள் மறைமுதுவர் பர்த்தலோமேயுவையும், அடிக்குறிப்பில் இசுலாமியச் சூபி ஞானி ஒருவரையும் சான்றாகக் கொள்கிறது. மேலும், பல நடைமுறை வினாக்களில் திருச்சபை அறுதியான கருத்தை வழங்க வேண்டியதில்லை எனவும், வல்லுநரிடையே நேர்மையான விவாதம் நிகழ வேண்டும் எனவும் ஒப்புக்கொள்கிறது. 1950-இல் விவாதத்தை முடிக்கும் கருவியாகக் கூறப்பட்ட சுற்றுமடல், 2015-இல் விவாதத்தைத் தொடங்கும் கருவியாகின்றது.

இதனை முழு வளர்ச்சி எனக் கொண்டாடுமுன் ஒரு தயக்கம் எழுகிறது. எல்லாரையும் விளிக்கும் மடலுக்குக் கட்டுப்படவேண்டியவர் எவர்? ஆயர்க்கு எழுதிய மடலை ஆயர் புறக்கணித்தால் கேட்க ஒருவர் உண்டு. புவியினர் அனைவர்க்கும் எழுதிய மடலைப் பாராட்டிவிட்டு ஒதுக்கி வைப்பது எளிது. விளியின் விரிவு அதிகாரத்தின் மெலிவாகவும் முடியக்கூடும். இவ்விழப்பை ஈடுசெய்ய மடலிடம் இருப்பது அதன் வாதத்தின் வலிமை ஒன்றே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படுவன மூன்று. சுற்றுமடல் அனைத்தும் ஒரே எடையுடையன அல்ல. வினவுவது, கற்பிப்பது, கண்டிப்பது, உரையாட அழைப்பது என அதன் தொழில்கள் பல. அதன் எடையை விளி, மொழி, சான்று, தொனி ஆகியவற்றைக் கொண்டு மடல்தோறும் அளத்தல் வேண்டும். மூன்றாவதாக, மடலின் பொருள் எழுதியவரின் கையொப்பத்தோடு முடிவதில்லை. பெற்றவர் அதனைக் கொண்டு என் செய்தனர் என்பதும் அப்பொருளின் பகுதியாகும்.

2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, பதினான்காம் லியோ என்னும் பெயரை ஏற்றமைக்கு 1891-ஆம் ஆண்டின் மடலை முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டு, செயற்கை நுண்ணறிவு மனித உழைப்புக்கு விடுக்கும் அறைகூவல்களோடு அதனை இணைத்துப் பேசினார். 1891-இல் ஆயர்க்கு எழுதப்பட்ட ஒரு மடல் இன்றும் விடை தேடுகிறது என்பதே இதன் பொருள். ஆணையாக மட்டும் இருந்திருப்பின், அதனைப் பிறப்பித்த காலத்தோடு அது முடிந்திருக்கும். ஆகவே தமிழில் இவ்வெழுத்துகளைப் பெயர்ப்போரும் கற்பிப்போரும் 'சுற்றறிக்கை' என்னும் சொல்லை விடுத்துச் 'சுற்றுமடல்' என்னும் சொல்லையே நிலைநிறுத்துதல் நன்று. அறிக்கையைப் பெற்றவர் கையொப்பமிட்டால் போதும். மடலைப் பெற்றவர் படிக்க வேண்டும், சிந்திக்க வேண்டும், மனச்சான்றோடு விடையும் எழுத வேண்டும்.